ஓரல் பெத்தாலஜியும் வாய்ப்புற்றுநோய் ஆராய்ச்சியும்: கல்லூரிப் பணிக்கு வர நினைப்பவர்கள் செய்ய வேண்டியவை

பல் மருத்துவம் படித்தவர்களில் ஓரல் பெத்தாலஜியை, அதாவது வாய்த் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டறியும் பிரிவை, முதல் விருப்பமாக எழுதுகிறவர்கள் குறைவு. கிளினிக் வைக்க உதவாது, நாள் முழுக்க மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வேண்டும், வேலை கிடைத்தால் கல்லூரியில்தான் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். ஓரளவு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்குப்படி உதடு, வாய்க்குழிப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 3.9 லட்சம் பேர், இறந்தவர்கள் 1.9 லட்சத்தை ஒட்டி. இவர்களில் பெரும்பாலோருடைய சிகிச்சை, யாரோ ஒரு பெத்தாலஜிஸ்ட் ஸ்லைடைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டில் இருந்துதான் தொடங்கியிருக்கும். எவ்வளவு வெட்டுவது, கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுப்பதா விடுவதா, அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு வேண்டுமா என்பதெல்லாம் அந்தத் தாளை வைத்து முடிவாகிறது.

பாடம் நடத்திக்கொண்டு, ரிப்போர்ட் எழுதிக்கொண்டு, கூடவே உருப்படியான ஆராய்ச்சியும் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் உங்களை நிலைநிறுத்தப்போவது விலை உயர்ந்த கருவியும் இல்லை, புதிதாக வந்த ஒரு புரதத்தின் பெயரும் இல்லை. ஸ்லைடில் நான் பார்த்தது இது, அந்த நோயாளிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று தேடிப் போகிற பழக்கம்தான். அந்தப் பழக்கம் இருக்கிறவர் சின்னத் துறையில் இருந்தாலும் பத்து வருடம் கழித்து அவரிடம் மட்டுமே இருக்கிற ஏதோ ஒன்று இருக்கும். அது இல்லாதவரிடம் கட்டுரைப் பட்டியல் மட்டும்தான் இருக்கும்.

படிப்பு எவ்வளவு காலம்

இதை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நாட்டுக்கு நாடு மாறும். பல் மருத்துவ இளநிலைக்குப் பிறகு இந்தியாவில் எம்.டி.எஸ். மூன்று ஆண்டு. அமெரிக்காவில் ரெசிடென்சி குறைந்தது மூன்று ஆண்டு, அதற்குப் பிறகு போர்டு தேர்வு. பிரிட்டனில் நீண்ட பயிற்சியும் எஃப்.ஆர்.சி.பாத் (ராயல் நோயியல் கல்லூரி) தேர்வும். அதற்கு மேலே பிஎச்.டி. என்றால் இன்னும் மூன்று முதல் ஐந்து வருடம். சில இடங்களில் இரண்டையும் சேர்த்தே செய்யலாம். முடியுமானால் சேர்த்துச் செய்யுங்கள், நோயறிதலும் ஆய்வும் இரண்டு தனி வாழ்க்கையாகப் பிரிந்துபோகாமல் இருக்கும்.

பல் மருத்துவம் படிக்காமல் உயிரியல், உயிர்த்தொழில்நுட்பம், புள்ளியியல் வழியாகவும் வாய்ப்புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வருகிறார்கள். அவர்கள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது, ஆனால் ஆராய்ச்சியில் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள், வாரத்தில் ஒரு நாளாவது ஸ்லைடு பார்க்கிற மேஜையில் வந்து உட்காருங்கள். நீங்கள் அரைத்துக் கரைத்து ஆர்.என்.ஏ. எடுக்கிற அந்தத் துண்டில் கட்டி எவ்வளவு, அழற்சிச் செல்கள் எவ்வளவு, வெறும் தசை எவ்வளவு என்று கண்ணால் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் முடிவுகளைப் புரிந்துகொள்வதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

முதலில் நல்ல நோயறிவாளராகுங்கள்

ஆராய்ச்சி ஆர்வத்தோடு வருகிற பலர் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். முதல் வருடமே தீசிஸ் தலைப்பு, கிட், ஆன்டிபாடி என்று ஓடுகிறார்கள். தினசரி வருகிற பயாப்ஸிகள் சலிப்பாகத் தெரிகின்றன. ஆனால் அந்த தினசரி வேலைதான் உங்கள் அடித்தளம். பல் வேர் முனைச் சிஸ்ட், உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி, லைக்கன் பிளானஸ், ஈறு வளர்ச்சி என்று எல்லாவற்றையும் பாருங்கள், புற்றுநோயை மட்டும் தேடாதீர்கள். வாய்ப்புற்றுநோயில் சுமார் 90% மேல்தோல் அடுக்கில் தொடங்கும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமாதான், முற்றியதைப் புத்தகம் படித்தவர் யாரும் கண்டுபிடித்துவிடுவார். கஷ்டமெல்லாம் எல்லைக்கோட்டில் நிற்கிற கேஸ்களில்தான்.

அந்த எல்லைக்கோட்டுக் கேஸ்கள் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். எபிதீலியத்தை (வாயின் மேல்தோல் அடுக்கை) சாய்வாக வெட்டிவிட்டால் உள்ளே செல் தீவுகள் புகுந்தது போலத் தெரியும், படையெடுப்பு இல்லாமலே படையெடுப்பு என்று எழுதிவிடலாம். கேண்டிடா பூஞ்சை இருந்தால் அடுக்குகள் கலைந்து டிஸ்பிளேசியா (புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம்) போலவே தோன்றும், அப்போது பூஞ்சையைக் காட்டும் பி.ஏ.எஸ். சாயம் போட்டுப் பார்த்து, பூஞ்சைக்கு மருந்து கொடுத்துவிட்டு மறுபடி பயாப்ஸி கேட்பதுதான் சரி. கிரானுலார் செல் கட்டியின் மேலே எபிதீலியம் தாறுமாறாக வளர்ந்து கார்சினோமா என்று நம்ப வைத்துவிடும். வெருக்கஸ் வகைப் புண்ணில் மேலாக ஒரு சிராய்ப்பை மட்டும் அனுப்பினால் யாராலும் எதையும் சொல்ல முடியாது, அடிப்பகுதி வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் போனை எடுத்து சர்ஜனிடம் பேசுங்கள். புண் எங்கே இருக்கிறது, எவ்வளவு நாளாக இருக்கிறது, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா என்று கேட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். படிவத்தில் வெறுமனே ‘வெள்ளைத் திட்டு’ என்று எழுதி அனுப்புகிற பழக்கமும் மெல்ல மெல்ல மாறும்.

அறுவை செய்து எடுத்த முழுத் திசுவை நீங்களே கையால் வெட்டி எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டெக்னீஷியனிடம் விட்டுவிடாதீர்கள். எதற்காகச் சொல்கிறேன் என்றால், 2017இல் வந்த, புற்றுநோய் நிலைகளை வகுக்கும் ஏ.ஜே.சி.சி. கையேட்டின் எட்டாம் பதிப்பில் இருந்து வாய்க்குழிப் புற்றுநோயின் டி நிலையை (கட்டி எவ்வளவு பெரியது என்ற நிலையை) முடிவு செய்ய, கட்டி எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி முன்பு டி1. இன்று அதன் ஆழம் 6 மில்லிமீட்டர் என்றால் டி2. அந்த ஆழத்தைக் கட்டியின் மேற்பரப்பில் இருந்து அளக்கக் கூடாது, பக்கத்தில் இருக்கிற நல்ல எபிதீலியத்தின் அடித்தளச் சவ்வு மட்டத்தில் இருந்து செங்குத்தாக இறங்கி, மிக ஆழமான கட்டிச் செல் வரை அளக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பகுதி கணக்கில் வராது. பக்கத்து நல்ல எபிதீலியம் சேராமல் துண்டு எடுத்துவிட்டால் அளக்கவே வழி இல்லாமல் போகும். ஒரு மில்லிமீட்டர் கூடுவதும் குறைவதும் எழுத்துப்பிழை போலத் தோன்றலாம், ஆனால் அது ஒருவருடைய கழுத்தில் கத்தி படுவதா இல்லையா என்பதையே மாற்றும்.

அதற்கு ஆதாரமும் இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்து 2015இல் வெளியான சோதனையில், ஆரம்ப நிலை வாய்ப்புற்றுநோய்க்குக் கழுத்து முடிச்சுகளை முதலிலேயே எடுத்தவர்களில் மூன்று ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 80%, கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5%. இப்படிப்பட்ட ஒரு சோதனைக்குள் பெத்தாலஜிஸ்ட் எழுதும் ஒவ்வொரு அளவும் போய்ச் சேருகிறது. ரிப்போர்ட் சரியில்லை என்றால் ஆராய்ச்சியும் சரியில்லை.

பதிவேடு: இதில்தான் உங்கள் எதிர்காலம் இருக்கிறது

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தொடங்குங்கள், பேராசிரியர் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். டிஸ்பிளேசியா, லுகோபிளாக்கியா (வெள்ளைத் திட்டு), எரித்ரோபிளாக்கியா (சிவப்புத் திட்டு), சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் (வாயின் உட்புறம் இறுகிப்போகும் நோய்), கார்சினோமா என்று நீங்கள் ரிப்போர்ட் செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வயது, பாலினம், புண் இருந்த சரியான இடம். ‘நாக்கு’ என்று மட்டும் எழுதாதீர்கள், நாக்கின் பக்கவாட்டு ஓரமா மேற்புறமா என்பதில் ஆபத்தே மாறும். புகையிலை எந்த வடிவில், ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை வருடம், விட்டுவிட்டாரா, விட்டு எவ்வளவு காலம். பாக்கு மெல்லுகிறாரா என்பது தனியாக. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேராத வெற்றுப் பாக்கையே 2004இல் முதல் வகைப் புற்றுக்காரணியாக வெளியிட்டது, அதனால் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பக் கூடாது. மது. புண்ணின் அளவு, ஒரே சீராக இருக்கிறதா இல்லையா, ஒரு நல்ல புகைப்படம். டிஸ்பிளேசியா தரம், தரம் பிரித்தவர் யார். என்ன சிகிச்சை. கடைசியாகப் பார்த்த தேதி, அன்று நிலைமை என்ன.

அந்தக் கடைசி இரண்டு கட்டங்களை நிரப்புவதுதான் கடினம், அதனால்தான் பெரும்பாலானோர் நிரப்புவதில்லை. நோயாளி இடம் மாறியிருப்பார், போன் எண் மாறியிருக்கும், வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பார். மாதத்தில் ஒரு பிற்பகலை இதற்கென்றே ஒதுக்குங்கள். வாய் மருத்துவத் துறையோடும் சர்ஜரி துறையோடும் பேசி மறுபரிசோதனைக்கு வருகிறவர்களின் பட்டியலை வாங்குங்கள். புற்றுநோய்ப் பதிவகம் இருக்கிற இடத்தில் அதோடு ஒப்பிட அனுமதி கேளுங்கள். நெறிமுறைக் குழு அனுமதியும் நோயாளியின் எழுத்துச் சம்மதமும் முதல் நாளிலேயே வேண்டும், பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தத் தரவு மொத்தமும் பயன்படாமல் போகும். பெயரும் முகவரியும் ஒரு கோப்பில், ஆய்வுத் தரவு எண் மட்டும் போட்ட இன்னொரு கோப்பில்.

இதன் மதிப்பு என்ன என்று கேட்டால் டென்மார்க்கின் யென்ஸ் பிண்ட்போர்க்கையும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஃபாலி மேத்தா நடத்திய குழுவையும்தான் சொல்வேன். 1960களில் இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்து, பார்த்தவர்களையே மறுபடி மறுபடி தேடிப் போனார்கள். சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களை 17 ஆண்டு தொடர்ந்து, அவர்களில் 7.6% பேருக்குப் புற்றுநோய் வந்தது என்று 1985இல் எழுதினார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வாய்க்கண்ணாடி, நோட்டுப் புத்தகம், விடாமல் திரும்பிப் போனது, அவ்வளவுதான். இன்றைக்கும் அந்த எண்ணை மேற்கோள் காட்டாமல் அந்த நோயைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

பிளாக்குகளையும், அதாவது மெழுகில் பதித்த திசுத் துண்டுகளையும், பத்திரப்படுத்துங்கள். நடுநிலைப்படுத்திய 10% ஃபார்மலின், திசுவின் கொள்ளளவைப் போலப் பத்து மடங்காவது, ஊறிய நேரம் எவ்வளவு என்ற குறிப்பு. வாரக்கணக்கில் ஃபார்மலினில் கிடந்த துண்டில் பின்னால் டி.என்.ஏ. எடுக்க முயன்றால் நூலாய்க் கிழிந்து போயிருக்கும். எலும்பு சேர்ந்த திசுவை வலுவான அமிலத்தில் கால்சியம் நீக்கினாலும் அதே கதிதான். மரபணு ஆய்வு யோசனை இருந்தால் கால்சியம் நீக்க மென்மையான இ.டி.டி.ஏ. கரைசலைப் பயன்படுத்துங்கள், மெதுவாக ஆகும், பரவாயில்லை.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

இங்கே நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். முப்பது கார்சினோமா, முப்பது டிஸ்பிளேசியா, பத்து நல்ல திசு எடுத்து, ஏதோ ஒரு புரதத்தைச் சாயமாகக் காட்டும் ஆன்டிபாடியைப் போட்டு, டிஸ்பிளேசியாவில் கொஞ்சம் கூடியிருக்கிறது, கார்சினோமாவில் நிறையக் கூடியிருக்கிறது, ஆகவே இது ஒரு பயனுள்ள குறிப்பான் (நோயைக் காட்டும் அடையாளம்) என்று முடிகிற கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றால் ஒரு நோயாளிக்கும் பயன் இல்லை. கார்சினோமா எது, டிஸ்பிளேசியா எது என்று சாதாரண ஹெச் அண்ட் ஈ சாயம் போட்ட ஸ்லைடிலேயே தெரிகிறதே, அதைச் சொல்ல இன்னொரு சாயம் எதற்கு? நமக்குத் தெரியாதது வேறு: ஒரே மாதிரி இருக்கிற இரண்டு டிஸ்பிளேசியாவில் எது ஐந்து வருடத்தில் புற்றுநோயாகும், எது அப்படியே இருந்துவிடும். அதற்குப் பதில் சொல்ல ஃபாலோ-அப் வேண்டும். பதிவேட்டைப் பற்றி இவ்வளவு பேசியதும் அதனால்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். லுகோபிளாக்கியா ஆண்டுக்கு 1 முதல் 2% வரை புற்றுநோயாகிறது என்று வைத்துக்கொண்டால், 200 பேரை ஐந்து வருடம் தொடர்ந்தாலும் உங்களிடம் 10 முதல் 20 புற்றுநோய் நிகழ்வுகள்தான் இருக்கும். நிகழ்வு எத்தனையோ அதை வைத்துத்தான் எத்தனை காரணிகளை ஒன்றாகச் சோதிக்கலாம் என்பது முடிவாகும், பொதுவாகச் சொல்கிற கணக்கு ஒரு காரணிக்குப் பத்து நிகழ்வு. அப்படியானால் ஒன்று அல்லது இரண்டு காரணிகளைத்தான் உங்களால் நேர்மையாகப் பேச முடியும். ஆகவே வேறு ஊர், வேறு நாட்டுக் குழுக்களோடு சேருங்கள். எல்லோரும் ஒரே மாதிரிப் பதிவு செய்திருந்தால்தான் சேர்க்க முடியும் என்பதால், கட்டங்களை முதலிலேயே பேசி ஒத்துக்கொள்ளுங்கள். அல்லது புரொலிஃபரேடிவ் வெருக்கஸ் லுகோபிளாக்கியா (பரவிக்கொண்டே போகும் வெள்ளைத் திட்டு) போல, அரிது ஆனால் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் புற்றுநோயாக மாறுகிற நிலையை எடுங்கள்.

2016இல் வெளியான, வாய்ப்புற்றுநோயை மருந்தால் தடுக்க முடியுமா என்று பார்த்த எபாக் சோதனையை மாணவர்கள் எல்லோரையும் படிக்கச் சொல்வேன். குரோமோசோமில் குறிப்பிட்ட பகுதிகள் இழக்கப்பட்டிருந்த ஆபத்தான புண் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து எர்லோட்டினிப் மருந்தோ போலி மாத்திரையோ கொடுத்தார்கள். மருந்து தோற்றது. ஆனால் அந்த இழப்பு உள்ளவர்களில் மூன்று ஆண்டு புற்றுநோய் இல்லாமல் இருந்தவர்கள் 74%, இல்லாதவர்களில் 87% என்று வந்தது, அதாவது குறிப்பான் வேலை செய்தது. குறிப்பானைச் சோதிப்பது என்றால் இப்படித்தான், ஆட்களை முன்கூட்டியே பிரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இன்னும் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. டிஸ்பிளேசியா தரத்தில் அனுபவசாலிகளே ஒத்துப்போவதில்லை; மூன்று தரத்துக்குப் பதிலாக இரண்டு தரமாகப் பிரிக்கும் முறை 2006இல் வந்தது, அமைப்பு மாற்றங்கள் குறைந்தது நான்கும் செல் மாற்றங்கள் குறைந்தது ஐந்தும் இருந்தால் உயர் தரம். அது உங்கள் ஆட்களிடம் எப்படி நிற்கிறது என்று பார்க்கலாம், ஸ்லைடும் இரண்டு மூன்று நேர்மையான சக ஊழியர்களும் போதும். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத இளம் வயதினருக்கு நாக்கில் ஏன் வருகிறது என்பது இன்னும் திறந்த கேள்வி. வெட்டிய ஓரத்தில் டிஸ்பிளேசியா இருந்தால் என்ன செய்வது என்பதும் அப்படியே, 1953இல் ஸ்லாட்டர் குழு ஒரு புண்ணைச் சுற்றியுள்ள பரப்பே மாறியிருக்கிறது என்று சொன்னதில் இருந்து இன்று வரை தீராத விஷயம் அது.

தவிர்க்க வேண்டிய இரண்டு குழிகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வாய்க்குழியையும் தொண்டையின் ஓரோஃபாரிங்ஸ் பகுதியையும் கலப்பது. டான்சில், நாக்கின் அடிப்பகுதி இங்கே எச்.பி.வி. வைரஸால் வரும் புற்றுநோய் தனி நோய், அங்கே பி16 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் நம்பகமான அடையாளம். வாய்க்குழியில் அது அப்படி இல்லை, பி16 மட்டும் போட்டு ‘வைரஸ் இருக்கிறது’ என்று எழுதினால் கட்டுரை நிற்காது. இரண்டு, ஆய்வகத்தில் வளர்த்துவரும் செல் வரிசைகளை நம்பி ஏமாறுவது. வாய்ப்புற்றுநோய்ச் செல் என்று பல பத்தாண்டுகள் பயன்படுத்தப்பட்ட ‘கேபி’ உண்மையில் கருப்பை வாயில் இருந்து வந்த ஹீலா செல்தான் என்று நிரூபணமாகிவிட்டது, அதற்குப் பிறகும் வாய்ப்புற்றுநோய் என்று சொல்லி அதில் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. எந்தச் செல் வாங்கினாலும் எஸ்.டி.ஆர். என்ற டி.என்.ஏ. சோதனை செய்து அடையாளத்தை உறுதி செய்யுங்கள், ஆய்வு முடியும்போது இன்னொரு தடவை செய்யுங்கள்.

பிஎச்.டி.யும் கைடும்

கைடைத் தேடும்போது அவருடைய கட்டுரை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அவரிடம் படித்து முடித்தவர்கள் இரண்டு மூன்று பேரிடம் தனியாகப் பேசுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தீர்கள், முதல் ஆசிரியர் இடம் உங்களுக்குக் கிடைத்ததா, பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள், முடிவு எதிர்பார்த்தபடி வராதபோது அவர் என்ன சொன்னார்? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ‘மறுபடி செய்து பார்’ என்று சொல்கிறவருக்கும் ‘வருகிற மாதிரி செய்’ என்று சொல்கிறவருக்கும் இடையில் உங்கள் வாழ்க்கையே மாறிவிடும்.

அப்புறம் பிளாக்கும் நோயாளி விவரமும் உங்களுக்குக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெரிய பரிசோதனைக் கூடம் இருக்கிறது, திசு இல்லை என்கிற இடத்தில் இரண்டு வருடம் காத்திருந்தே போய்விடும்.

கணக்கும் கட்டுரையும் நேர்மையும்

புள்ளியியலாளரைத் தரவு சேர்த்த பிறகு தேடாதீர்கள், சேர்க்கும் முன்னே போங்கள். அவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவும் வேண்டாம், கப்லான் மேயர் வளைவு (காலப்போக்கில் எத்தனை பேர் நோயின்றி இருக்கிறார்கள்), காக்ஸ் மாதிரி (எந்தக் காரணி எவ்வளவு பாதிக்கிறது), கப்பா (இருவர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள்) இந்த மூன்றையாவது நீங்களே புரிந்து பேசுகிற அளவுக்குப் படியுங்கள். ஒரு நோயாளியின் ஐந்து ஸ்லைடு ஐந்து நோயாளி ஆகாது. இன்று ஸ்லைடை ஸ்கேன் செய்து செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுக்கும் ஆய்வுகளில் இந்தப் பிழை சர்வ சாதாரணமாக நடக்கிறது, ஒரே ஆளின் துண்டுப் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால் மாதிரி 98% சரி என்று சொல்லத்தான் செய்யும். ஆள் வாரியாகப் பிரியுங்கள், முடிந்தால் வேறு மருத்துவமனையின் ஸ்லைடில் சோதியுங்கள். குறிப்பான் ஆய்வுக்கு ரிமார்க், நோயறிதல் துல்லியத்துக்கு ஸ்டார்ட் என்று வழிகாட்டிப் பட்டியல்கள் இருக்கின்றன, எழுதும்போது எடுத்துப் பார்ப்பதை விட ஆய்வைத் திட்டமிடும்போதே பார்ப்பது பல மடங்கு நல்லது.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வருகிற மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். ஜர்னல் ஆஃப் ஓரல் பெத்தாலஜி அண்ட் மெடிசின், ஓரல் ஆன்காலஜி, ஓரல் டிசீசஸ், ஹெட் அண்ட் நெக் பெத்தாலஜி போன்றவற்றைத் தொடர்ந்து படியுங்கள். நிராகரிப்பு வரும், மதிப்பாய்வாளர் எழுதியதைப் பொறுமையாகத் திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். பதவி உயர்வுக்கு எண்ணிக்கை கேட்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும், அந்த அழுத்தம் உண்மையானது. அதற்காகப் பெயர் சேர்ப்பதும் வாங்குவதும் வேண்டாம்.

நம் துறையிலேயே நடந்தது இது. வலி நிவாரண மாத்திரைகள் வாய்ப்புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கின்றன என்று 908 பேர் தரவோடு 2005இல் லான்செட்டில் ஒரு நார்வே ஆய்வாளரின் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே அந்தத் தரவு முழுக்கக் கற்பனை என்று தெரிந்தது, அந்தப் பட்டியலில் 250 பேருக்கு ஒரே பிறந்த நாள். லுகோபிளாக்கியாவில் டி.என்.ஏ. அளவைப் பற்றி அவர் எழுதிய முந்தைய கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை நம்பி எத்தனை குழுக்கள் வருடக்கணக்கில் உழைத்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. உடன் ஆசிரியராகப் பெயர் போடும் முன் மூலத் தரவைத் திறந்து பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரோடு எழுதாதீர்கள்.

வேலை, வகுப்பு, வெளியே போவது

கல்லூரிப் பணி நேரத்தை விழுங்கும். வகுப்பு, செய்முறை, தேர்வு, கமிட்டி, இதற்கு நடுவே ரிப்போர்ட். நேர்காணலில் சம்பளத்தைப் பற்றிக் கேட்கிற அதே தெளிவோடு, வாரத்துக்கு எத்தனை பயாப்ஸி வருகிறது, ஆய்வுக்கு என்று ஒதுக்கிய நாள் உண்டா, இம்யூனோ (ஆன்டிபாடி சாய) செலவை யார் ஏற்கிறார்கள், பழைய பிளாக்குகள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். பயாப்ஸியே வராத துறையில் சேர நேர்ந்தால் பக்கத்துப் புற்றுநோய் மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் ஸ்லைடு பார்க்க அனுமதி வாங்குங்கள், கட்டிகள் பற்றிய கூட்டுக் கலந்தாய்வில் போய் உட்காருங்கள். அங்கே சர்ஜனும் கதிர்வீச்சு மருத்துவரும் கேட்கிற கேள்விகளில் உங்கள் அடுத்த ஆய்வுத் தலைப்பு இருக்கும்.

பாடம் நடத்துவதைச் சுமையாக நினைக்காதீர்கள். உங்களிடம் படிக்கும் இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் நாளை கிளினிக்கில் உட்கார்ந்து வாயைத் திறந்து பார்க்கப்போகிறவர்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண்ணைக் கண்டால் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் மனதில் பதிந்தாலே, உங்கள் எந்தக் கட்டுரையையும் விட அது அதிகம் பேரைக் காப்பாற்றலாம். திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வெறும் கண்ணால் வாயைப் பார்த்த பெரிய சோதனையில், புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுநோய் மரணம் 34% குறைந்தது என்று 2005இல் வெளியானது. மைக்ரோஸ்கோப் அறைக்கு வெளியே நடக்கிற இந்த மாதிரி வேலைகளிலும் பெத்தாலஜிஸ்டுக்கு இடம் உண்டு. பணியாளர்கள் புண் என்று சொன்னது உண்மையில் என்ன என்று உறுதிசெய்வது நாம்தான்.

நிதிக்கு விண்ணப்பிக்கும்போது முதல் தடவையே பெரிய தொகை கேட்காதீர்கள். பதிவேட்டில் இருந்து எடுத்த ஒரு சின்ன முன்னாய்வை இணைத்துச் சின்னத் தொகை கேளுங்கள், அதைச் சொன்னபடி முடித்து வெளியிட்ட பிறகு அடுத்ததைக் கேளுங்கள். இத்தனை பேரை இத்தனை வருடம் தொடர்ந்திருக்கிறோம், இத்தனை பேர் விடுபட்டுப் போனார்கள் என்று உங்களால் எழுத முடிந்தால், விண்ணப்பத்தைப் படிக்கிறவர் அங்கேயே நிமிர்ந்து உட்காருவார்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம், பலர் யோசிக்காமல் விடுவது. வேலை மாறும்போது பதிவேடும் பிளாக்குகளும் உங்களோடு வராது. அவை நிறுவனத்துடையவை, நோயாளியின் சம்மதமும் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்ததுதான். தனி பென் டிரைவில் பெயர்களோடு எடுத்துப் போவது தவறு, பல இடங்களில் சட்டப்படியும் குற்றம். அதனால் சேரும்போதே தரவுப் பகிர்வு ஒப்பந்தம் ஒன்றைத் தயார் செய்யுங்கள், நீங்கள் போன பிறகும் கூட்டு ஆய்வாகத் தொடரலாம் என்று அதில் இருக்கட்டும். ஒரு ஜூனியரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு கட்டமும் எப்படி நிரப்புவது என்று எழுதிக் கொடுங்கள், மாதத்துக்கு ஒரு பிற்பகல் என்ற அந்தப் பொறுப்பையும் அவர் பெயரில் எழுத்தில் மாற்றுங்கள். புதிய இடத்தில் முதல் மாதமே அதே கட்டங்களோடு இன்னொரு பதிவேட்டைத் திறங்கள், இரண்டும் ஒரே வடிவில் இருந்தால் நெறிமுறைக் குழுக்களின் அனுமதியோடு பின்னால் சேர்த்துவிடலாம்.